வாசகர் கேள்வி பதில்: பழைய போர் விமானிகளின் அடையாள அட்டைகள்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பழைய போர் விமானிகளின் அடையாள அட்டைகள், சம்பளப் புத்தகங்கள், பறந்த கணக்கு எழுதும் லாக் புக்குகள். சேகரிக்கத் தொடங்கியவர்கள், தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள், எங்கிருந்தோ வந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இதுவரை தபால்தலை, நாணயம் என்று சேர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது விமானிகளின் அடையாள அட்டைகள் மேல் ஆசை வந்திருக்கிறது. என்னென்ன வகை இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு நாடு, ஒரு காலம் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் சீக்கிரமே ஒரு பெட்டி நிறையக் காகிதம் சேர்ந்துவிடும், அதில் ஒன்றைப் பற்றியும் உருப்படியாகத் தெரிந்திருக்காது.

இதன் தொடக்கம் ராணுவத்தில் இல்லை, விமானக் கழகங்களில். 1905-இல் பாரிஸில் சர்வதேச விமானக் கூட்டமைப்பு உருவானது, அதன் விதிகளின்படி ஒவ்வொரு நாட்டின் ஏரோ கிளப்பும் விமானிகளுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. பிரிட்டனின் ராயல் ஏரோ கிளப் முதல் எண் சான்றிதழை 1910 மார்ச் 8 அன்று மூர்-பிரபசானுக்குக் கொடுத்தது. அந்த ஆரம்ப வருஷங்களில் தேர்வு என்ன தெரியுமா? ஐந்து ஐந்து கிலோமீட்டராக இரண்டு முறை சுற்றி வர வேண்டும், 50 மீட்டர் உயரம் தொட வேண்டும், இன்ஜினை நிறுத்திவிட்டு, குறித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இறங்க வேண்டும். அவ்வளவுதான். முதல் உலகப்போரில் பறந்த ராணுவ விமானிகள் பலருடைய கையில் இருந்ததும் இந்தக் கிளப் சான்றிதழ்தான். சட்டைப்பையில் அடங்குகிற சின்னப் புத்தகம். ஒரு பக்கத்தில் போட்டோ, கையெழுத்து, எண். இன்னொரு பக்கத்தில், இவருக்கு உதவுங்கள் என்று ராணுவ அதிகாரிகளையும் போலீஸையும் பல மொழிகளில் கேட்டுக்கொள்ளும் வாசகம். கிளம்பினவர் எங்கே போய் இறங்குவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத காலம், அதனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இரண்டாம் உலகப்போருக்கு வந்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரிசை. பிரிட்டிஷ் விமானப்படையில் அடையாள அட்டை ஃபார்ம் 1250, விமானியின் லாக் புக் ஃபார்ம் 414, நேவிகேட்டர், துப்பாக்கி வீரர் போன்றவர்களின் லாக் புக் ஃபார்ம் 1767. ஜெர்மனியில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: பணிப் பதிவேடான வேர்பாஸ், வீரர் கூடவே வைத்திருக்கும் சம்பளப் புத்தகமான சோல்ட்புக், பறந்த கணக்கு எழுதும் ஃப்ளூக்புக். அமெரிக்க ராணுவ அதிகாரிகளுக்குப் போட்டோவும் விரல்ரேகையும் உள்ள அட்டை, ஏஜிஓ ஃபார்ம் 65 என்பார்கள்.

தொடங்குகிறவருக்கு நான் பிரிட்டிஷ் ஆவணங்களைத்தான் சொல்வேன். அழகுக்காக இல்லை, சரிபார்க்க முடியும் என்பதற்காக. ராயல் ஏரோ கிளப்பின் 1910 முதல் 1950 வரையான பதிவு அட்டைகள் மின்வடிவில் தேடக் கிடைக்கின்றன, அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேதியோடு இருக்கின்றன. வாங்குவதற்கு முன்பே அந்த மனிதர் உண்மையில் இருந்தாரா என்று பார்த்துவிடலாம்.

கேள்வி: ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃப விமானி ஒருவரின் சோல்ட்புக் ஏலத்துக்கு வருகிறது. போட்டோ, சீல், பதக்கங்களின் பட்டியல் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்தது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

கச்சிதமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது.

முழுப் போலி செய்வது இன்று குறைவு. பெரும்பாலும் நடப்பது வேறு. அசல் புத்தகம் ஒன்றை எடுத்து, சாதாரண மெக்கானிக் ஒருவருடையதாக இருக்கும், அதில் இரண்டு வரி சேர்ப்பார்கள். ஒரு பெரிய பதக்கம், ஒரு பேர்போன படைப்பிரிவு. காகிதம் அசல், அட்டை அசல், போட்டோ அசல், அந்த இரண்டு வரி மட்டும் பொய். காகிதத்தை மட்டும் சோதிப்பவர் இதில் ஏமாந்துபோவார். எனவே புத்தகம் உண்மையா என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு வரியும் மற்ற வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும்.

சோல்ட்புக்கில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது, ஏனென்றால் ஒரே மனிதரின் வாழ்க்கையை அது பல பக்கங்களில் பல குமாஸ்தாக்களின் கையால் எழுதி வைத்திருக்கிறது. பதவி உயர்வு ஒரு பக்கம், ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஒரு பக்கம், விடுப்பு ஒரு பக்கம், பதக்கம் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து, சீல். 1942 நவம்பரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்கு அதே வாரம் போர்முனையில் விமானத்தை வீழ்த்தியதற்குப் பதக்கம் என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். நாலு வருஷப் பதிவுகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தாலும் கேளுங்கள். உண்மையான புத்தகத்தில் ஊதா மை இருக்கும், பென்சில் இருக்கும், அவசரத்தில் சாய்ந்து விழுந்த சீல் இருக்கும், அடித்து எழுதியது இருக்கும்.

போட்டோவுக்கு வாருங்கள். சீல் பாதி போட்டோ மேலும் பாதி பக்கத்தின் மேலும் விழுந்திருக்கும். லென்ஸ் வைத்து அந்த வட்டக்கோடு போட்டோவின் ஓரத்தைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். கோடு முறிந்தாலோ, மையின் நிறம் மாறினாலோ, எழுத்து இடம் தள்ளிப்போனாலோ போட்டோ மாற்றப்பட்டிருக்கிறது. போட்டோவைப் பிடித்திருக்கும் உலோகப் பின் துருப்பிடித்திருந்தால் அந்தத் துருவின் கறை எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் படிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு பக்கமும் பல பத்தாண்டுகள் ஒட்டிக் கிடந்தவை. இன்னொன்று, சோல்ட்புக்கில் போட்டோ ஒட்டுவது 1943-இல்தான் உத்தரவாக வந்தது. போட்டோ இல்லாத ஆரம்ப காலப் புத்தகம் குறைபாடுள்ளது என்று நினைத்து ஒதுக்காதீர்கள். விற்பனைக்காக யாரோ ஒரு போட்டோவைத் தேடி ஒட்டிய புத்தகங்கள் நிறைய உலவுகின்றன.

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வையுங்கள். வெள்ளையாகத் தெரிவதற்காகக் காகிதத்தில் சேர்க்கும் ரசாயனம் 1950-களையொட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது, அது புற ஊதா ஒளியில் பளிச்சென்று நீலமாக ஒளிரும். போர்க்காலக் காகிதம் மங்கலாகவே கிடக்கும். ஒரு எச்சரிக்கை: ஒளிராத பழைய வெற்றுக் காகிதம் போலி செய்பவருக்கும் கிடைக்கும். ஒளிர்ந்தால் சந்தேகம் உறுதியாகிறது, ஒளிரவில்லை என்பதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்துவிட முடியாது.

சட்டைப்பைக் கதைக்கு வருகிறேன். எதிரி நிலத்துக்கு மேல் பறக்கப் போகும்போது படைப்பிரிவைக் காட்டிக்கொடுக்கும் காகிதங்களை விட்டுவிட்டுப் போவதுதான் பொதுவான நடைமுறை, கிளம்பும் முன் பையைக் காலி செய்யச் சொல்வார்கள். எல்லாரும் எப்போதும் கடைப்பிடித்தார்கள் என்று இல்லை. ஆனாலும், விழுந்த விமானியின் பையிலிருந்து சுத்தமாக, மடங்காமல், நனையாமல் வந்த புத்தகம் என்ற கதைக்கு நீங்கள் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கதைக்குக் காகித ஆதாரம் இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் புத்தகத்தைப் புத்தகமாக மட்டும் மதிப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள 1945-ஆம் வருஷ பிரிட்டிஷ் லாக் புக்கில் சில வரிகள் பால்பாயிண்ட் பேனாவில் எழுதப்பட்டிருக்கின்றன. பார்த்த நண்பர் உடனே போலி என்று சொல்லிவிட்டார். தூக்கிப் போட்டுவிடட்டுமா?

போடாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வது பொதுவாகச் சரியான விதிதான், ஆனால் உங்கள் விஷயத்தில் செல்லாது. லாஸ்லோ பிரோ 1938-இல் பால்பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை எடுத்தார். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது சாதாரண மைப்பேனா ஒழுகும், இது ஒழுகாது என்பதால் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போர் முடியும் முன்பே இந்தப் பேனா வந்துவிட்டது. அமெரிக்காவில் கடையில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். எனவே 1945 பிரிட்டிஷ் லாக் புக்கில் பால்பாயிண்ட் இருப்பது நடக்கக்கூடியதே. 1940-ஆம் வருஷ ஜெர்மன் புத்தகத்தில் இருந்தால் அந்த வரி நிச்சயம் பிறகு சேர்த்தது. மற்றபடி, போர் முடிந்து வீட்டுக்கு வந்தபின் விமானியே தன் லாக் புக்கில் நண்பர்களின் பெயர்களையும் குறிப்புகளையும் எழுதி வைப்பதும் உண்டு, அது போலி ஆகாது.

கேள்வி: லாக் புக் ஒன்று வாங்கினேன். கட்டம் கட்டமாக எண்களும் சுருக்கெழுத்துகளும்தான். இதை எப்படிப் படிப்பது? சேகரிப்பவர்கள் ஏன் அடையாள அட்டையை விட இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள்?

அட்டை ஒருவர் யார் என்று மட்டும்தான் சொல்லும். லாக் புக் அவர் என்ன செய்தார் என்று நாள் கணக்கில் சொல்லும். எனக்குக் கேட்டால் இந்தத் துறையிலேயே லாக் புக்கை மிஞ்சிய ஆவணம் கிடையாது.

ஃபார்ம் 414-ஐத் திறந்தால் இடப்பக்கத்தில் தேதி, விமானத்தின் வகை, அதன் எண், ஓட்டியவர், கூட இருந்தவர், என்ன வேலை. வலப்பக்கம் முழுக்க நேரக் கணக்கு: ஒற்றை இன்ஜினா பல இன்ஜினா, பகலா இரவா, பயிற்சியாளரோடா தனியாகவா என்று தனித்தனிக் கட்டங்கள். இரவுப் பறப்பைப் பொதுவாகச் சிவப்பு மையில் எழுதுவார்கள், அதனால் குண்டுவீச்சுக் குழுவில் இருந்தவரின் புத்தகத்தைப் புரட்டினாலே பயிற்சி எங்கே முடிந்து போர் எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேலை என்ற கட்டத்தில் டி.சி.ஓ. என்றிருந்தால் கொடுத்த வேலை முடிந்தது, டி.என்.சி.ஓ. என்றால் முடியவில்லை. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை, அதிகாரியின் கையெழுத்து. நடுநடுவே ஒட்டிய சீட்டுகளில் அவர் திறமைக்கு மதிப்பெண்: அசாதாரணம், சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ். இந்த விமானத்தின் பெட்ரோல், எண்ணெய், ஹைட்ராலிக் அமைப்புகளைப் புரிந்துகொண்டேன் என்று விமானியே கையெழுத்திட்ட சான்றும் பல புத்தகங்களில் உண்டு.

படிக்கும்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள், இதை யாரும் செய்வதில்லை. ஒரு பக்கத்தின் மொத்தம் அடுத்த பக்கத்தின் தலையில் சரியாக வர வேண்டும். நடுவில் ஒரு பெரிய சண்டையைப் பிறகு செருகியிருந்தால் அந்த நேரத்தைக் கூட்டுத்தொகையிலும் செருக வேண்டும், அதற்கு அடுத்து வரும் எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டும். அங்கேதான் போலி மாட்டிக்கொள்ளும்.

விமானத்தின் எண்ணையும் விடாதீர்கள். எந்த எண் விமானம் எந்தப் பிரிவுக்கு எப்போது போனது என்ற பட்டியல்கள் இருக்கின்றன. ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானம் முதன்முதலில் ஒரு ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் படைப்பிரிவுக்கு, வந்தது 1938 ஆகஸ்டில், டக்ஸ்ஃபோர்டில் இருந்த 19-ஆம் ஸ்குவாட்ரனுக்கு. லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் 1941 டிசம்பரில் 44-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்து, 1942 மார்ச்சில்தான் போருக்குப் போனது. 1941 கோடையில் லங்காஸ்டரில் போய் குண்டு போட்டேன் என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை. பெயர்களும் இப்படித்தான் கைகொடுக்கும்: பிரிட்டிஷ் விமானப்படை ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆனது 1918 ஏப்ரல் 1, அமெரிக்க விமானப்படை தனிப்படை ஆனது 1947 செப்டம்பர் 18, இந்திய விமானப்படைக்கு ராயல் என்ற முன்னொட்டு கிடைத்தது 1945-இல், போனது 1950-இல். அந்தந்தப் பெயர் அந்தத் தேதிக்கு முந்தைய காகிதத்தில் அச்சாகியிருந்தால் கையை விட்டுவிடுங்கள்.

சில புத்தகங்களில் கடைசிப் பதிவுக்குக் கீழே வேறு கையெழுத்தில், திரும்பவில்லை என்று ஒரு வரி இருக்கும், பிறகு 'மரணம் என்று கருதப்படுகிறது' என்ற சீல். வீரர் வராமல் போனபின் அவருடைய பொருள்களைக் கவனித்தவர்கள் போட்டது. உரிமை கோரப்படாமல் தங்கிப்போன லாக் புக்குகளில் பெரும்பகுதியை 1960-ஐ ஒட்டி அரசே அழித்துவிட்டது, மாதிரிக்கென்று எடுத்து வைத்தவை மட்டும் பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏர் 4 என்ற வரிசையில் இருக்கின்றன. இன்று குடும்பங்களிடமிருந்து வெளிவரும் ஒவ்வொரு புத்தகமும் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு தகவல். அமெரிக்க ராணுவ விமானிகளின் அதிகாரப்பூர்வக் கணக்கு ஃபார்ம் 5 என்ற தனித்தாள்களில்தான் இருந்தது, லாக் புக் அவரவர் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டது. அங்கே லாக் புக்கில் அதிகாரியின் கையெழுத்து இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

கேள்வி: புழு படம் போட்ட ஒரு உறுப்பினர் அட்டை பார்த்தேன். விமானி சம்பந்தப்பட்டது என்றார்கள். அது என்ன?

கேட்டர்பில்லர் கிளப் அட்டை. பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கான சங்கம், 1922-இல் பாராசூட் தயாரித்த லெஸ்லி இர்வின் தொடங்கியது. பாராசூட் அன்று பட்டில் தைத்தது, அதனால் பட்டுப்புழு சின்னம். அதே வருஷம் அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஹரால்ட் ஹாரிஸ் என்ற விமானி பழுதான விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்தார். அட்டையோடு, சட்டையில் குத்தும் ஒரு சின்னத் தங்கப் புழு பின்னும் வரும், அதன் பின்புறம் பெயர் பொறித்திருக்கும். அட்டையில் உள்ள பெயரும் பின்னில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்து, அவர் குதித்த நாள் லாக் புக்கிலோ ஸ்குவாட்ரன் பதிவேட்டிலோ இருந்தால் அதைவிட நல்ல தொகுப்பு வேறு என்ன வேண்டும்? இர்வின் அல்லாத வேறு பாராசூட் நிறுவனங்களும் இதே மாதிரி சங்கம் வைத்திருந்தன, ஸ்விட்லிக் நிறுவனம் ஒன்று. அதனால் வேறு பெயர் பார்த்ததும் போலி என்று ஒதுக்காதீர்கள்.

கடலில் விழுந்து ரப்பர் படகிலோ மிதவை அங்கியிலோ தப்பியவர்களுக்கு கோல்ட்ஃபிஷ் கிளப், 1942-இல் தொடங்கியது. அதற்கும் அட்டை உண்டு. போர்க்காலத்தில் உலோகத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால் அதன் சின்னம் துணியில் தைத்தது.

கேள்வி: ஒருவரின் அடையாள அட்டை, லாக் புக், கேட்டர்பில்லர் அட்டை மூன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. விற்பவர் தனித்தனியாகவும் தருகிறேன் என்கிறார். எனக்கு அட்டை மட்டும் போதும்.

முடிந்தால் மூன்றையும் வாங்குங்கள், முடியாவிட்டால் மூன்றையும் சேர்த்து வாங்கக்கூடிய ஒருவருக்குச் சொல்லிவிட்டு விலகுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பிரித்து விற்றால் விற்பவருக்குக் கூடுதல் பணம் வரும், அதனால்தான் பிரிக்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று சாட்சியாக இருந்த காகிதங்கள் மூன்று திசையில் போய்விட்டால் பிறகு யார் நினைத்தாலும் சேர்க்க முடியாது. ஏற்கெனவே பிரிந்துபோன ஒன்றைத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அதோடு கூட இருந்தவை என்னென்ன, எங்கே போயின என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏலப் பட்டியலின் படத்தையும் சேமியுங்கள்.

கேள்வி: போர்க்கைதிகளான விமானிகளே முகாமுக்குள் செய்த போலி அடையாள அட்டைகள் விற்பனைக்கு வருகின்றனவா?

வருகின்றன என்று சொல்பவர்கள் உண்டு, நான் தொடமாட்டேன்.

சாகனில் ஜெர்மானியர் நடத்திய ஸ்டாலாக் லுஃப்ட் 3 போர்க்கைதி முகாமில் டிம் வாலன் என்ற விமானியின் தலைமையில் ஒரு குழு ரகசியமாக இந்த வேலையைச் செய்தது. ஒரு பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் பெயரையே வேடிக்கையாகத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். டைப் அடித்ததுபோல் ஒவ்வோர் எழுத்தையும் கையால் வரைந்தார்கள், பூட்ஸ் ஹீல் ரப்பரில் சீல் வெட்டினார்கள். 1944 மார்ச்சில் சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள், மூன்று பேர்தான் கடைசிவரை தப்பினார்கள், பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், வாலன் அவர்களில் ஒருவர். இப்படிப்பட்ட காகிதங்கள் தப்பிக்கும்போது எரிக்கப்பட்டன, பிடிபட்டபோது பறிக்கப்பட்டன. மிஞ்சியவை மிகச் சில. கையால் வரைந்ததுதான் அசல் என்றால், இன்று ஒருவர் கையால் வரைந்ததை எப்படிப் பிரித்தறிவீர்கள்? யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று முகாமிலிருந்தே தொடர்ச்சி காட்ட முடியாத எதையும் வாங்காதீர்கள்.

இதற்குப் பதில் தப்பிக்கும் போட்டோக்களைத் தேடுங்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் விழுந்தால் போலி அட்டை செய்ய உதவும் என்று விமானக் குழுவினர் சாதாரண உடையில் எடுத்த பாஸ்போர்ட் அளவு போட்டோக்களை எடுத்துச் சென்றார்கள். விமானத் தளத்தில் இருந்த ஒரே கோட்டையும் டையையும் ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொண்டு எடுத்தவை அவற்றில் உண்டு. ஒரே குழுவினரின் நாலைந்து போட்டோக்களை அடுக்கி வைத்தால் கோட்டின் பட்டன் வரை ஒன்றாக இருப்பது தெரியும்.

கேள்வி: ஸ்வஸ்திகா சின்னம் உள்ள புத்தகங்களை வைத்திருப்பது தப்பில்லையா? சட்டச் சிக்கல் வருமா?

இரண்டு கேள்வி இது. சட்டத்தை முதலில் சொல்கிறேன். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது, கல்வி, ஆய்வு, வரலாறு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அங்குள்ள விற்பனையாளர்கள் படத்தில் சின்னத்தை மறைத்துப் போடுகிறார்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் அனுப்பும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் அரசுத் துறைகளின் அடையாள அட்டைகளை அனுமதியின்றி விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் எதிராகச் சட்டம் உண்டு, இப்போதைய வடிவ ராணுவ அட்டைகள் பக்கமே போகாதீர்கள். பிரிட்டனில் 1986-ஆம் வருஷச் சட்டப்படி விழுந்த ராணுவ விமானத்தின் இடத்தை அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது, அங்கிருந்து எடுத்தது என்று பெருமையாகச் சொல்லி ஒருவர் காகிதம் விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

தப்பா என்ற கேள்விக்கு என் பதில்: வைத்திருப்பது தப்பில்லை, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அந்த ஆட்சி செய்ததை மறைக்காமல், அந்த மனிதர் எந்தப் பிரிவில் இருந்தார், அந்தப் பிரிவு எந்த ஊர்மேல் குண்டு போட்டது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். சின்னத்தின் கவர்ச்சிக்காக வாங்குபவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். அமெரிக்க ராணுவமும் விமானப்படையும் 1969 ஜூலை முதல் பழைய பணி எண்ணுக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்பு எண்ணையே பயன்படுத்தின. வியட்நாம் காலத்து அட்டையைப் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் அந்த எண்ணை மறைத்துவிடுங்கள், அவர் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

கேள்வி: பெண் விமானிகளின் ஆவணங்கள் கிடைக்குமா?

கிடைக்கும், குறைவாக. பிரிட்டனில் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலியரி என்ற அமைப்பில் பெண் விமானிகள், தொழிற்சாலையிலிருந்து விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், எமி ஜான்சன் 1941 ஜனவரியில் அந்தப் பணியில்தான் இறந்தார். அவர்களுக்கும் போட்டோ ஒட்டிய அட்டை, லாக் புக் எல்லாம் உண்டு. ஒரே வாரத்தில் ஐந்தாறு வகை விமானங்கள் வரிசையாக இருக்கும் லாக் புக் என்றால் அது இப்படிப்பட்டவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வாஸ்ப் என்ற பெண் விமானிகள் அமைப்பில் பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர். 1944 டிசம்பர் 20 அன்று கலைத்துவிட்டார்கள், படைவீரர் என்ற அந்தஸ்து 1977-இல்தான் கிடைத்தது. அதனால் அவர்கள் ஆவணங்களில் ராணுவ ஆவணத்தின் வழக்கமான குறிகள் இல்லையென்றால் அதை வைத்துச் சந்தேகப்படாதீர்கள், அவர்கள் அன்று சிவிலியன்கள். டெக்சஸ் பெண்கள் பல்கலைக்கழகத்தில் வாஸ்ப் ஆவணக்காப்பகம் இருக்கிறது, பெயரைக் கொண்டு விசாரிக்கலாம்.

கேள்வி: அமெரிக்க விமானி ஒருவரின் அட்டை என்னிடம் இருக்கிறது. அவரைப் பற்றித் தேடினால் பதிவுகள் எரிந்துவிட்டன என்ற பதில் வருகிறது. அத்தோடு முடிந்ததா?

முடியவில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணிப்பதிவு மையத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன. 1960 வரை வெளியேறிய ராணுவத்தினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் அடக்கம், இரண்டாம் உலகப்போர் விமானிகள் ராணுவத்தின்கீழ் இருந்ததால் அவர்களுடையதும் அதில்தான். ஆனால் தனிநபர் கோப்பு எரிந்தால் மற்ற பக்கத்திலிருந்து வரலாம். விமானம் காணாமல் போயிருந்தால் காணாமல் போன விமானக் குழு அறிக்கை என்று தனியே ஒன்று உண்டு, அதில் குழுவினர் எல்லாருடைய பெயரும் இருக்கும். படைப்பிரிவின் மாதாந்தர வரலாறு, பத்திரிகைச் செய்தி, பள்ளி ஆண்டு மலர் எல்லாம் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் அட்டைதான் சில விவரங்களுக்கு எஞ்சிய ஒரே சான்றாகவும் இருக்கலாம்.

பிரிட்டிஷ்காரர் என்றால் ஏர் 27 வரிசையில் உள்ள ஸ்குவாட்ரன் பதிவேடுகள், இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல். ஜெர்மானியர் என்றால் படைவீரர்களின் விவரங்களை வைத்திருந்த, பெர்லினில் இருந்த பழைய வாஸ்ட் அலுவலகத்தின் பதிவுகள் 2019 முதல் கூட்டரசு ஆவணக்காப்பகத்தின் கையில் இருக்கின்றன, அங்கே எழுதிக் கேட்கலாம்.

தேடும்போது குடும்பத்தினர் கிடைத்தால் நல்ல ஸ்கேன் ஒன்றை அனுப்புங்கள். அசலையே கேட்டால் என்ன செய்வது என்பது உங்கள் மனசாட்சி, நானாக இருந்தால் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: அட்டை கிழியத் தொடங்கியிருக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். லேமினேஷனும் செல்லோடேப்பும் காகிதத்துக்குத் திரும்ப முடியாத கேடு. சூட்டில் உருகி உள்ளே இறங்கிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, சீலின் மை நகர்ந்துவிடும், விற்கும் மதிப்பும் போய்விடும். கிழிசல் மோசமாக இருந்தால் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் கிழிசலோடேயே பாலியஸ்டர் உறைக்குள் வையுங்கள். பிவிசி உறை கூடாது, புதுசாக இருக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் வாடை வருமே, அதுதான். அமிலம் இல்லாத பெட்டி, வெயில் படாத, ஈரம் ஏறி இறங்காத இடம், ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புரட்டுங்கள், போட்டோவின் பரப்பை விரலால் தொடாதீர்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் உறையின் மேல், அதுவும் பென்சிலில்.

பழைய அட்டைகள் சிலவற்றில் கண்ணாடி மாதிரி மூடி இருக்கும், மஞ்சளாகி ஓரத்தில் நொறுங்கும். செல்லுலாய்டாக இருந்தால் அது சிதையும்போது வரும் ஆவி பக்கத்தில் உள்ள காகிதத்தையும் அரிக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். அதைத் தனியாகப் பிரித்து, காற்றுப் போகும்படி, மற்ற எதோடும் சேராமல் வையுங்கள்.

துருப்பிடித்த பின்னைப் பார்த்ததும் பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் நான் மேலே சொன்ன கறைச் சான்று கலைந்துபோகும். துரு காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தால் மட்டும், முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டு, தெரிந்தவரை வைத்து எடுங்கள், எடுத்த பின்னையும் ஒரு சின்ன உறையில் போட்டு அதோடேயே வையுங்கள்.

கேள்வி: கருவி என்று ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்க?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். புற ஊதா டார்ச் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். அச்சு எழுத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள், தெரிந்தால் அது கம்ப்யூட்டர் பிரிண்டரில் வந்தது.